இருப்பு இல்லாத பேரேடு: அனல்மின் சாம்பலும் அதன் விழுக்காடும்

இந்தியாவின் அனல்மின் நிறுவனங்கள் தங்கள் மிகப்பெரிய கழிவை ஒற்றை எண்ணில் அடக்கிச் சொல்லிப் பழகிவிட்டன. ஓர் ஆண்டில் உண்டான நிலக்கரிச் சாம்பலில் எத்தனை விழுக்காடு பயன்பாட்டுக்குப் போனது என்பதே அந்த எண். மத்திய மின்சார ஆணையத்தின் அறிக்கைகளின்படி 1996-97இல் அது 9.63, 2009-10இல் 62.6, 2019-20இல் 83.05, 2021-22இல் ஏறத்தாழ 96. இந்த ஏற்றம் பொய்யில்லை. ஆனால் அதே அறிக்கைகளில் உள்ள டன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. 1996-97இல் உண்டான 6.89 கோடி டன்னில் பயன்படாமல் நின்றது 6.22 கோடி. 2009-10இல் உற்பத்தி 12.35 கோடி டன், நின்றது 4.62 கோடி. 2019-20இல் உற்பத்தி 22.61 கோடி டன், நின்றது 3.83 கோடி. விழுக்காடு எட்டு மடங்குக்கு மேல் உயர்ந்த காலத்தில், ஆண்டு மிச்சம் பாதி அளவுக்குக்கூடக் குறையவில்லை. பகுதி எண் பெருத்துக்கொண்டே போனதால் மிச்சத்தின் பங்கு சிறிதாகத் தெரிந்தது. அதைவிட முக்கியமானது, மிச்சம் ஒவ்வோர் ஆண்டும் முந்தைய மிச்சத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது என்பது. மளிகைக் கடைப் பேரேட்டில்கூட வரவு, செலவுக்குப் பக்கத்தில் இருப்பு என்றொரு பத்தி உண்டு. சாம்பல் பேரேட்டில் தலைப்பாக நிற்பது செலவுக்கும் வரவுக்கும் உள்ள விகிதம் மட்டும். ஆபத்து இருப்பில்தான் இருக்கிறது என்பதால் இந்த வடிவம் கழிவைச் சொல்வதைவிட அதிகமாக மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆபத்து இருப்பில் இருக்கிறது என்பதற்கு அமெரிக்கா தந்த சான்றுகள் தெளிவானவை. 2008 டிசம்பர் 22 அன்று டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தில் சாம்பலைத் தேக்கிவைத்த குளத்தின் கரை சரிந்து, ஏறத்தாழ 41 லட்சம் கன மீட்டர் சேறு ஆற்றிலும் குடியிருப்புகளிலும் பாய்ந்தது. சரிந்தது அந்த ஆண்டின் சாம்பல் அல்ல. பல பத்தாண்டுச் சேமிப்பு. 2014 பிப்ரவரியில் நிகழ்ந்த டான் நதிச் சம்பவம் இன்னும் கூர்மையானது. வட கரோலினாவில் டியூக் எனர்ஜி நிறுவனத்தின் அந்த நிலையத்தில் நிலக்கரி எரிப்பது 2012இலேயே நின்றுவிட்டது. குளத்துக்கு அடியில் ஓடிய பழைய மழைநீர்க் குழாய் உடைந்ததும் சுமார் 39,000 டன் சாம்பல் ஆற்றில் இறங்கியது. நம் அறிக்கை வடிவத்தை அந்த நிலையத்துக்குப் பொருத்திப் பாருங்கள்: உற்பத்தி சுழியம், பயன்பாடு சுழியம், விழுக்காடு கணக்கிடவே இயலாது. பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இருந்திருக்காது. நம் பக்கத்திலும் 2019 அக்டோபரில் சிங்ரௌலிப் பகுதியில் என்டிபிசியின் விந்தியாச்சல் நிலையத்தில் சாம்பல் கரை உடைந்தது. 2020 ஏப்ரலில் அதே பகுதியின் சாசன் நிலையத்தில் கரை உடைந்து ஆறு பேர் மாண்டனர். இவ்விரண்டும் நாட்டின் பயன்பாட்டு விழுக்காடு வேகமாக ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நடந்தவை.

இனி ‘பயன்பாடு’ என்ற சொல்லுக்கு வருவோம். ஆணையத்தின் பட்டியலில் முதலிடம் சிமென்டுக்கு. அதில் சாம்பல் உண்மையாகவே சரக்காக மாறுகிறது, சுண்ணாம்புக்கல்லும் எரிபொருளும் மிச்சமாகின்றன. செங்கல்லும் அப்படியே, வயல் மேல்மண் தப்புகிறது. ஆனால் பள்ளமான நிலத்தை நிரப்புவதும், கைவிட்ட சுரங்கக் குழியில் கொட்டுவதும் அதே பட்டியலில் அதே மதிப்புடன் அமர்கின்றன. சாம்பல் குளத்தின் கரையைச் சாம்பலாலேயே உயர்த்துவதும் ஒரு பயன்பாட்டு வகையாகவே அங்கு இடம்பெற்று வந்தது. குளத்தில் கிடந்தால் கழிவு, அதே குளத்தின் கரையில் ஏறினால் பயன்பாடு! இன்னொரு சிக்கல், பழைய குளத்திலிருந்து அள்ளிய சாம்பலும் அவ்வாண்டுப் பயன்பாட்டில் சேர்வதால் சில நிலையங்கள் நூறு விழுக்காட்டைத் தாண்டுவது. இருப்பைக் காட்டியிருந்தால் அது நற்செய்தி. காட்டாததால் எங்கிருந்து வந்தது, எவ்வளவு மிச்சம் என்று புரியாத புதிர்.

பள்ளம் நிரப்புவதைக் குறைத்துப் பேசக் கூடாது, அங்கும் மண் மிச்சமாகிறதே என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிரப்பிய இடத்தின் நிலத்தடி நீர் மட்டம், அடியில் காப்புப் படலம் உண்டா என்பது ஆகியவை தெரிந்தால் அது நல்ல பயன்பாடா, இடம் மாறிய குவியலா என்று தீர்மானிக்கலாம். தேசிய விழுக்காட்டில் அந்த விவரம் கரைந்துவிடுகிறது. சட்டம் கேட்டதைத்தான் நிறுவனம் தருகிறது என்பது அடுத்த மறுப்பு. அதையும் ஏற்கிறேன்; குறை படிவத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் சாம்பலை ‘அளவில் அதிகம், விளைவில் குறைவு’ என்ற வகையில் தள்ளி அபாயப் பட்டியலிலிருந்து விலக்கின. ஆகவே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு, சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த நிலைத்தன்மை அறிக்கையில், மின்கலத்துக்கும் மருத்துவக் கழிவுக்கும் தனி வரி உண்டு. கோடிக்கணக்கான டன் சாம்பல் ‘பிற அபாயமற்ற கழிவு’ என்ற வரியில் ஒதுங்குகிறது. அந்த அட்டவணையும் ஆண்டு வரவு செலவைத்தான் கேட்கிறது.

இருப்பையும் அதன் விளைவையும் அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதம்தான் வலுவாகத் தோன்றும், ஆனால் சான்றின் முன் நிற்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2015இல் கொண்டுவந்த விதி, சாம்பல் குளங்களைச் சுற்றிய நிலத்தடி நீர் அளவீடுகளை நிறுவனங்களே பொதுவெளியில் வைக்க வேண்டும் என்றது. அத்தரவை 2019இல் ஆராய்ந்த சுற்றுச்சூழல் அமைப்புகள், 265 நிலையங்களில் 91 விழுக்காட்டில் நச்சுப் பொருள்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டியதைக் கண்டன. அளந்தது குடிநீர்க் கிணறுகளை அல்ல, குவியலை ஒட்டிய கண்காணிப்புக் கிணறுகளை என்று தொழில்துறை பதில் சொன்னது. நேர்மையான திருத்தம்தான். ஆனால் அந்த விவாதமே தரவு வெளியானதால் பிறந்தது. இங்கே அப்படி விவாதிக்கத் தேவையான எண்கள் எளிதில் கிடைப்பதில்லை.

எண்ணூரில் இதன் உள்ளூர் வடிவத்தைக் காணலாம். வட சென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் கூழாக்கப்பட்டுக் குழாய்களில் குளத்துக்குப் போகிறது. குழாய்கள் கசிந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்திருக்கிறது. ஆற்றில் படிந்த சாம்பல் பயன்பாட்டுக் கணக்கில் வராது. குளத்தில் சேர்ந்ததாகக் கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை. பயன்படாத மிச்சம் என்ற ஒரே சொல்லுக்குள் குளமும் ஆறும் ஒன்றாகிவிடுகின்றன. மீனவரின் வலையில் ஏறியது எத்தனை டன் என்று கேட்க அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

2021 டிசம்பர் 31ஆம் நாளின் அறிவிக்கை நிலைமையை ஓரளவு மாற்றியது. நூறு விழுக்காட்டுப் பயன்பாடு கட்டாயம், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு, பழைய சாம்பலைப் பத்தாண்டுக்குள் தீர்க்க வேண்டும் என்று அது கூறியது. அதேசமயம், இறுகிப்போய்ப் பசுமை மூடிய குளங்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கும் அளித்தது. மரம் நட்டால் குவியல் கண்ணுக்கு மறைகிறது. அடியில் நீர் இறங்குவது நிற்பதில்லை. தீர்க்க வேண்டியது எவ்வளவு, விலக்கில் போனது எவ்வளவு, எந்தக் குளத்தின் கரை எவ்வளவு பழையது என்பதைத் தொடக்க இருப்பாக நிலையம்தோறும் வெளியிட்டால்தான், பத்தாண்டு முடிவில் ஒரு நிறுவனம் ‘தீர்த்துவிட்டேன்’ என்று எழுதுவதை மற்றவர் கழித்துப் பார்க்க முடியும்.