பானர்ஜி, பிரதீப் குமார்

பிரதீப் குமார் பானர்ஜி (23 ஜூன் 1936 – 20 மார்ச் 2020): இந்தியக் கால்பந்தாட்டத்தின் தலைசிறந்த வலப்புற முன்னணி வீரர், காயங்கள் ஓயாது தொடர்ந்தமையால் 31ஆம் வயதில் ஆட்டத்தை விட்டு, பயிற்சியாளராகத் தம் இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கியவர். 'பி. கே.' என்னும் இரண்டெழுத்தாலேயே பிரசித்தி பெற்றார்.

வங்காளத்து ஜல்பாய்குரி ஜில்லாவிலுள்ள மொயினாகுரியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, 15ஆம் வயதிலேயே பீகார் அணியின் சார்பில் சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் இறங்கிய இவர், 1954இல் கல்கத்தா வந்து ஆரியன் கழகத்தில் ஓராண்டு ஆடியபின், ஈஸ்டர்ன் ரயில்வே அணியைச் சேர்ந்தார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய இரு பெருங்கழகங்களின் புகழ் ஒளி எத்திசையிலும் வீசிய அக்காலத்தில், ரயில்வே அணியிலேயே தம் எஞ்சிய ஆட்ட வாழ்வு முழுவதையும் கழித்தார் என்பது இவர் சரித்திரத்தில் முதன்மையாக நினைக்கத்தக்கது. ரயில்வே உத்தியோகமும் கால்பந்தும் ஒன்றையொன்று தாங்கிநின்ற காலம் அது. 1958இல் கல்கத்தா லீக் பட்டத்தை ஈஸ்டர்ன் ரயில்வே வென்றது, பெரிதும் இவருடைய கால்களின் சாதனையே.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் ஆடினார். 1960 ரோமாபுரி ஒலிம்பிக்கில் தலைமை தாங்கி, பிரான்சுக்கு எதிரே கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். ஆயினும் இவர் ஆட்ட வாழ்வின் சிகரம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளே. அரசியல் காரணங்களால் இந்தியர்மீது சினங்கொண்டிருந்த பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கிடையே நடந்த இறுதியாட்டத்தில், இவரும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, இந்தியா தென் கொரியாவை 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோல் காத்தவர் மதராஸ் ரெஜிமென்ட் அணியிலிருந்து வந்த பீட்டர் தங்கராஜ். முன்னணியில் சுனி கோஸ்வாமியோடு ஆடியவர், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம். நோயின் காரணத்தால் பலராமின் ஆட்டம் அடுத்த ஆண்டே நின்றுபோயிற்று. வலிமைக்கும் வேகத்துக்கும் பெயர்பெற்ற அத்தலைமுறையின் சரீரங்களுக்கு, இன்றைய வைத்திய வசதிகளில் ஒரு பகுதியேனும் அன்று கிடைத்திருக்குமாயின் என்று எண்ணி ஏங்காதிருக்க முடியவில்லை.

அந்தக் குறை பானர்ஜியையும் விடவில்லை. 1967இல் ஓய்வு பெற்ற அவர், ஜப்பானில் ஜெர்மானிய ஆசான் டெட்மார் கிராமரிடம் பயிற்சிக்கலையை முறையாகக் கற்றார். 1970 பாங்காக் ஆசியப் போட்டிகளில் ஜி. எம். எச். பாஷாவோடு இணைந்து இந்திய அணியைப் பயிற்றுவித்தார்; அவ்வணி பெற்ற வெண்கலமே, ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசிப் பதக்கம்.

வீரராய் இருந்தபோது அணியாத இரு கழகங்களின் நிறங்களையும் பயிற்சியாளராய் இவர் அடுத்தடுத்துத் தம் வசமாக்கினார். 1972இல் ஈஸ்ட் பெங்கால் இவர் பொறுப்பில் ஒரு கோலும் வாங்காமல் லீக் பட்டம் வென்றது, 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என வீழ்த்தியது. அந்தத் தோல்வியின் புண் ஆறுமுன்னரே மோகன் பகான் இவரையே அழைத்துக்கொண்டது. 1976இல் லீக் பட்டமும், 1977இல் ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ், டூரண்ட் ஆகிய மூன்று கோப்பைகளும் அக்கழகத்துக்குக் கிட்டின. பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் தோட்டத்தில் 2–2 எனச் சமன் கண்டதும் அவ்வாண்டே.

ஆட்டத்துக்கு முன் வீரர்களை உணர்ச்சி பொங்கப் பேசி எழுப்பிவிடும் இவருடைய ஆற்றலைக் கல்கத்தாவில் 'வோகல் டானிக்' என்றார்கள். பேச்சினால் மட்டும் வென்றவர் என்று சிலர் கொண்ட கருத்து பொருந்தாது. கற்ற முறையும் வருத்தும் பயிற்சியும் அடியில் இல்லாமல் அந்த டானிக் வேலை செய்திராது. 1997இல் பெடரேஷன் கோப்பை அரையிறுதியில், 1,30,000க்கு மேற்பட்டோர் நேரில் காண, பயிற்சியாளர் அமல் தத்தாவின் 'வைர வியூகத்தில்' ஆடிய மோகன் பகானை, மீண்டும் இவர் பயிற்றுவித்த ஈஸ்ட் பெங்கால் 4–1 எனச் சிதைத்தது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். பானர்ஜிக்கு அப்போது வயது 61.

அர்ஜுனா விருது (1961), பத்மஸ்ரீ (1990), ஃபிஃபாவின் ஆர்டர் ஆஃப் மெரிட் (2004) ஆகியவை இவர் பெற்ற சிறப்புகள். 1958இல் ஈஸ்டர்ன் ரயில்வே பெற்ற லீக் பட்டத்தை, கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்குப் புறம்பான வேறோர் அணி பெற 61 ஆண்டுகள் ஆயின. 2019இல் பியர்லெஸ் அணி அதனை வென்றபோது பானர்ஜி கல்கத்தாவில் உயிரோடிருந்தார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் காலமானார்.