மரை கழன்ற கதை



போன வாரம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். காரின் சக்கரத்துக்குப் பின்னால் தலை முறிந்து நிற்கும் ஒரு போல்ட். "பிரேக்கை வீட்டிலேயே மாற்றலாம் என்று கழட்டினேன் சார். தலை கையோடு வந்துவிட்டது, மீதி உள்ளேயே நிற்கிறது. இங்கே மெக்கானிக் கூலி கேட்டால் மயக்கம் வருகிறது. நம்மூரில் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?" என்று கேட்டிருந்தார். நான்கைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டதோடு சரி. எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை கண்ணுகளா. நம் கோயமுத்தூர் எப்படித் தொழில் ஊரானது என்ற கேள்வியும் அதற்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் தாத்தாக்கள் காலத்துக் கொங்கு நாட்டில் மரை என்பதே அபூர்வம். மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் அச்சை விட்டுக் கழன்று ஓடாமல் பிடித்து நிற்பது ஒரு கடையாணி. அதற்கு மரை கிடையாது. கீழிருந்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் மேலே வந்துவிடும், துருப்பிடித்திருந்தால் இரண்டு தட்டு. கலப்பைக்கு ஆப்பு, கவலை இறைக்கக் கயிறும் மரமும். இரும்போடு இரும்பைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆசாரி காய்ச்சி அடித்துவிடுவார். இரும்பு தெரியாத சீமை அல்ல நம்முடையது. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய உருக்கு வேலையின் தடயங்களையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் திருகிப் பூட்டுகிற வேலை, பெண்கள் தோட்டின் திருகாணியை விட்டால், நமக்கு மில்லோடும் ரயிலோடும் மோட்டாரோடும் வந்ததுதான்.

வந்தது ஒரே மாதிரியாகவும் வரவில்லை. அங்கேதான் வம்பு.

இங்கிலாந்திலேயே முதலில் ஆளுக்கொரு மரை. ஒரு பட்டறையில் செய்த நட்டு பக்கத்துப் பட்டறை போல்ட்டில் ஏறாது. 1800-ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லி என்பவர் ஒரே அளவில் திரும்பத் திரும்ப மரை வெட்டும் லேத்தைச் செய்தார். அவர் பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளை வாங்கி அளந்து பார்த்து, 1841-இல் ஒரு பொது அளவைச் சொன்னார். மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் அந்த மரை போனது. அமெரிக்காக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1864-இல் வில்லியம் செல்லர்ஸ், 60 பாகை என்றார். ஐரோப்பாவில் மில்லிமீட்டர் மரை தனியாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் இதன் வலி தெரிந்தது. பிரிட்டிஷ் விமான இன்ஜினை அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி செய்தபோது, அந்த மரைக்கு வேண்டிய டேப், டை எல்லாவற்றையும் அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்த பின் 1948-இல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் உட்கார்ந்து ஒரு பொது இன்ச் மரைக்கு ஒத்துக்கொண்டன.

இத்தனை மரையும் கடைசியில் நம்மூர்ப் பட்டறைகளில் வந்து விழுந்தன.

இப்போது ஜி.டி. நாயுடுவிடம் வருகிறேன். 1893-இல் சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்தவர். வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே வாங்கியவர். வாங்கியதும் அவர் செய்த காரியம் உங்களில் பலருக்கும் தெரியும். ஊரைச் சுற்றவில்லை, வண்டியை முழுக்கக் கழட்டினார். கழட்டித் திரும்பப் பூட்டினார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மின்சார ரேசரைச் சொல்வார்கள், விவசாய அதிசயங்களைச் சொல்வார்கள். எனக்கு இந்தக் கழட்டினதுதான் பெரிதாகப்படுகிறது. கவன்ட்ரியில் செய்த வண்டி அது. ஒரு போல்ட் முறிந்தால் மாற்று போல்ட்டுக்குக் கோயமுத்தூரில் எங்கே போவது? முறிக்காமல் கழட்டத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முறிந்ததை எடுத்துவிட்டு அதே மரையில் இன்னொன்று செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. பெரியவர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் வாயில் நிற்கும். கல் சாலையில் குலுங்கிக் குலுங்கி ஓடிய பஸ்களுக்கு ஓயாமல் பழுது. சாமான் கடல் கடந்து வர மாதங்கள் ஆகும், அதுவரை பஸ்ஸை நிறுத்தி வைக்க முடியாது. முறிந்த ஸ்டட்டை எடுக்க ஒரு ஆள், புதுசு கடைய ஒரு லேத், வார்க்க ஒரு பவுண்டரி என்று ஒன்றன் பின் ஒன்றாக வேண்டியிருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின, அவற்றுக்கும் அதே பழுது வேலை. 1937-இல் பீளமேட்டில் நாயுடுவும் பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்தார்கள் என்று பாடத்தில் படிக்கிறோமே, அது வானத்திலிருந்து குதித்ததல்ல. செய்யக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இந்த ஊர் கழட்டக் கற்றுக்கொண்டது. இது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் தாராளமாக எழுதலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சாதாரணப் பட்டறையில் மூன்று செட் ஸ்பேனர் தொங்கும். நாம் 1956-இல் மெட்ரிக் சட்டம் போட்டு, 1957-இல் நயா பைசாவுக்கு மாறி, 1958-இல் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறத் தொடங்கினோம். போல்ட்டுகளுக்கு அந்தச் சட்டம் தெரியாதே! அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியில் வந்தது, அதனால் இன்ச். பம்பாயில் செய்த பியட், பிற்பாடு பத்மினி, இத்தாலி வழி, அதனால் மில்லிமீட்டர். மகிந்திரா ஜீப் அமெரிக்க இன்ச். பழைய லாரிகளிலும் ஆயில் இன்ஜின்களிலும் விட்வொர்த். 1983 கடைசியில் மாருதி வந்தது, அது ஜப்பான் வழி, மறுபடி மில்லிமீட்டர். 1990களில் அம்பாசடருக்கு ஜப்பானின் இசுசு இன்ஜினைப் போட்டார்கள். உடம்பு இன்ச், இன்ஜின் மில்லிமீட்டர்!

இதற்கும் முறிந்த போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரை மாட்டினால் உட்காரும், ஆனால் 0.3 மி.மீ. இடைவெளி. நட்டு சுலபமாகத் திரும்பினால் தெரியாது. துருப்பிடித்து இறுகியிருந்தால் ஸ்பேனர் வழுக்கி, அறுகோணத்தின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும். முக்கால் இன்ச் 19.05 மி.மீ. என்பதால் 19 ஸ்பேனர் பொருந்திவிடும். அந்தத் தைரியத்தில் மற்றதிலும் மாட்டுவார்கள். விட்வொர்த் ஸ்பேனர் இன்னும் மோசம். அதில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிமன், தலையின் அளவல்ல. கால் இன்ச் என்று எழுதிய ஸ்பேனரின் வாயை அளந்தால் 13.3 மி.மீ. வரும்!

பிறகு இடது மரை. சைக்கிளின் இடது பெடலை வலமாகத் திருகினால்தான் கழலும் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பழைய கிரைஸ்லர் கம்பெனிக் கார்களான பிளிமத், டாட்ஜ் வகையறாக்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகளும் அப்படித்தான். எங்கள் சொந்தத்தில் ஒருவர் வீட்டில் அப்படியொரு கார் நின்றது. டயர் மாற்ற இரண்டு இளவட்டங்கள் இரும்புக் குழாயை ஸ்பேனரில் சொருகி ஏறி நின்று மிதித்தார்கள். ஒரு ஸ்டட் 'டக்'கென்று முறிந்தது. அடுத்ததில் ஏறும்போது வயசான மெக்கானிக் ஒருவர் வந்தார். விரலால் ஸ்டட் முனையில் இருந்த அழுக்கைத் துடைத்து, "ஏனுங் தம்பி, இங்க ஒரு எழுத்து இருக்குதே, பாத்தீங்ளா?" என்றார். 'எல்' என்று பொறித்திருந்தது. கழட்டுவதாக நினைத்து இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, துருவுக்கு வருவோம். எட்டாம் வகுப்பில் மூன்று சோதனைக்குழாயில் மூன்று ஆணி போட்டு வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரும் காற்றும் சேர்ந்த குழாயில் மட்டும்தான் ஆணி துருப்பிடித்தது. அன்று பாடத்தில் இல்லாத ஒன்றை இன்று சேர்த்துக்கொள்ளுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கும் மரைக்கும் நடுவில் இருக்கும் தலைமுடி இடைவெளியில் அது ஊதி, ஆப்பு அடித்த மாதிரி நட்டைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சிகனில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், உப்புத் தண்ணீரில் துரு பன்மடங்கு வேகம் பிடிக்கும். நம்மூர் வறண்ட காற்று, கடல் தூரம், அதனால் கார் அடிப்பாகம் சென்னை, தூத்துக்குடியைவிட நன்றாகவே நிற்கும். ஆனால் சிறுவாணித் தண்ணியைக் குடிக்க வைத்துக்கொண்டு, போர் உப்புத் தண்ணியில் தினமும் கார் கழுவுகிறவர்களுக்கு இந்த வாக்கியம் பொருந்தாது. யாரைச் சொல்கிறேன் என்று என் மைத்துனர்மாருக்குத் தெரியும்.

துருப்பிடித்த போல்ட்டுக்குப் பலம் பிடிக்காது. நம் பட்டறைக்காரர்களின் முறை வேறு. முதல் நாள் சாயங்காலமே கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, சீமெண்ணெயோ டீசலோ விட்டு, விடிய ஊற வைப்பார்கள். (இப்போது எல்லோரும் தெளிக்கும் டபிள்யூ.டி. 40 என்பது 1953-இல் அமெரிக்க ராக்கெட்டின் உடம்பைத் தண்ணீரிலிருந்து காக்கக் கண்டுபிடித்தது. உதவும், ஆனால் இறுகிய மரைக்கென்றே ஊடுருவும் எண்ணெய்கள் தனியாக உண்டு.) காலையில் சுத்தியலால் தலையில் நேராக நாலு தட்டு, துரு விரிசல் விட. பிறகு ஆறு மூலையும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர். கொஞ்சம் கழலும், கொஞ்சம் திரும்ப இறுக்கு, மறுபடி கழட்டு. முன்னும் பின்னும் ஆட்ட ஆட்டத் துரு மாவாக உதிரும். அதற்கும் அசையாவிட்டால் நெருப்பு. நட்டைச் சுற்றிச் சூடேற்றினால் அது போல்ட்டைவிட முந்தி விரிந்து பிடியை விடும்.

அதையும் மீறி முறிந்தால்? மொட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, ஆறும்போது திருப்புவது நம்மூர் வழக்கம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளேயே முறிந்திருந்தால் நடுவில் பஞ்ச் வைத்து ஓட்டை போட வேண்டும், முடிந்தால் இடது சுற்று டிரில்லால். துளைக்கும்போதே சில சமயம் மொட்டை கழன்று வரும். ஈஸி அவுட் என்று ஒன்று விற்கிறார்கள். அது மிகக் கடினமான உருக்கு. போல்ட்டே முறிகிற இறுக்கத்தில் அதைச் சொருகி மிதித்தால் அதுவும் உள்ளே முறியும். பிறகு சாதாரண டிரில் எதுவும் அதில் ஏறாது. பெயரில் மட்டும்தான் ஈஸி.

அந்த மாணவருக்குத் தனியாக எழுதியதை இங்கும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் கார் கழட்டுகிற பையன்கள் நம் குடும்பங்களில் நிறைய. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பெட்ரோல் டாங்க், பிரேக் குழாய், ரப்பர் இவற்றின் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். பிரேக்கிலும் சக்கரத்திலும் முறிந்த போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைத்ததைப் போடாதீர்கள். மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருக்கும், அது அதன் பலம். பழையதில் என்ன இருந்ததோ அதற்குக் குறையக் கூடாது. கையில் ஏறவில்லை என்றால் ஸ்பேனரால் ஏற்றாதீர்கள், வேறு மரையாக இருக்கும்.

அவருடைய மொட்டை அரை விரற்கடை வெளியே நிற்கிறது. பக்கத்தில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறதாம், பிரேக் பாகங்களைப் பிரித்துத் தனியாக எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போகிறேன் என்றிருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன டூல் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். இன்ச் ஸ்பேனரோ, விட்வொர்த் ஸ்பேனரோ, மரை அளக்கும் கேஜோ இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த வண்டிக்காக வாங்கினார்கள், எந்தப் பட்டறையில் வேலை பார்த்தார்கள் என்று தெரிந்தால் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். யு.எம்.எஸ். பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் யார் வீட்டிலாவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், நோட்டுப் புத்தகத்தோடு நானே நேரில் வருகிறேன்.