கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் மென்பொருட்பிழை அறிதல்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கம்பியில்லா உணரி வலையமைப்பில் மின்கலத்தால் இயங்கும் சிறு கணுக்கள், தாம் அளந்தவற்றை ஒன்றன்வழி மற்றொன்றாகத் தள நிலையத்துக்கு அனுப்புகின்றன. ஒரு கணுவிலிருந்து தரவு வாராது நின்றால், மின்கலம் தீர்ந்ததா, வானலைத் தொடர்பு அறுந்ததா, நிரல் பிழைத்ததா என்பது புறத்தே புலப்படாது. அம்மௌனத்தின் காரணத்தைக் கண்டறியும் முயற்சி வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

களங்கள் உணர்த்தியவை

2005ஆம் ஆண்டு நெதர்லாந்தின் உருளைக்கிழங்கு வயலொன்றில், பயிரைத் தாக்கும் நோயை எதிர்கொள்ளும் பொருட்டுச் சுமார் 100 கணுக்கள் நிறுவப்பட்டன. மென்பொருட் சிக்கல்கள் அடுத்தடுத்து எழுந்தமையால், எதிர்பார்த்த தரவில் ஏறத்தாழ 2 விழுக்காடே கிடைத்தது. அதே ஆண்டில் ஈக்குவடோரின் ரெவென்டடோர் எரிமலையில் 16 கணுக்கள் 19 நாள்கள் இயங்கின. அங்கு ஒரு மென்பொருட்பிழையால் வலையமைப்பு மூன்று நாள்கள் முடங்கியது. நேர ஒத்திசைவு பிறழ்ந்தமையால், பதிவான அதிர்வுகளின் காலக்குறிப்புகளையும் பின்னர்த் திருத்த நேர்ந்தது. நின்றுபோன கணுவைக் காட்டிலும், தவறான நேரத்தைக் குறித்துத் தொடர்ந்து இயங்கும் கணுவே ஆய்வுக்குப் பெருங்கேடு என்பது இதனால் புலனாகிறது.

தன்னியக்க முறைகள்

2005இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவான ‘சிம்பதி’, தரவு வரத்துக் குறைதலையே பிழையின் அறிகுறியாகக் கொண்டது. தவறு கணுவிலா, இடைவழியிலா, தள நிலையத்திலா என அது பகுத்தது. எனினும் பிழைக்குக் காரணமான நிகழ்வுத்தொடரை அது தேடவில்லை. நிரற்பகுதிகள் தனித்தனியே சரியாக இயங்கினும், அவை கூடி இயங்குகையில் பிழை எழலாம். இலினாய் பல்கலைக்கழகத்தாரின் ‘டஸ்ட்மைனர்’ (2008) இத்தகைய பிழைகளை நோக்கியது. செவ்வனே இயங்கியபோதும் பழுதுற்றபோதும் கிடைத்த பதிவுகளை ஒப்பிட்டு, இரண்டையும் வேறுபடுத்தும் நிகழ்வு வரிசைகளை அது பிரித்தெடுத்தது. 2010இல் வெளிவந்த ‘க்ளீநெட்’, களத்தில் நிறுவுமுன்னரே நிரலின் இயலக்கூடிய போக்குகளைச் சோதித்து, கான்டிக்கி இயங்குதளத்தின் வலைத்தொடர்பு நிரலில் அதுவரை அறியப்படாத பிழைகளைக் கண்டது.

முடிவுரை

பிழை எங்கே என்னும் வினா, எந்நிகழ்வு வரிசையால் என்றும், நிறுவுமுன் அறியலாகுமா என்றும் விரிந்துள்ளது. ஆயினும் ‘மைக்கா2’ போன்ற கணுவின் செயல்நினைவகம் 4 கிலோபைட்டு மட்டுமே. நிகழ்வுகளைப் பதிவதும் அந்நினைவகத்தையும் மின்கலத்தையுமே செலவிடுகிறது. நிரலின் கால ஓட்டத்தையும் மாற்றக்கூடும். ஆகவே இம்முறைகள் ஐயத்தின் எல்லையைச் சுருக்குகின்றனவேயன்றி, அதனை முற்றும் நீக்கவில்லை. உணரித் தரவைச் சான்றாகக் கொள்வோர், அது பெறப்பட்ட வலையமைப்பின் பிழை வரலாற்றையும் உடன்வைத்து மதிப்பிடுதல் இன்றியமையாதது.