கோடீஸ்வரன் வழக்கு: பதில் எழுதப்படாத கேள்வி

தனிச்சிங்களச் சட்டம் செல்லாதென்று கோமறைக் கழகமே சொன்னது என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. லண்டனில் அமர்ந்த அந்த இறுதி மேன்முறையீட்டு மன்று உண்மையில் என்ன சொன்னது?

திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில், 'நியூ லோ ரிப்போட்ஸ்' தீர்ப்புத் தொகுதிகளை எடுத்தேன். 70ஆம் தொகுதி, 121ஆம் பக்கம், 1967: 'சட்டமா அதிபர் எதிர் கோடீஸ்வரன்'. மேன்முறையீட்டாளர் பெயர் முன்னே நிற்கிறது. அப்படியானால் கீழே தோற்றது அரசு.

பிணக்கின் மூலம் 1961 டிசெம்பர் 4ஆம் திகதிய திறைசேரிச் சுற்றறிக்கை, இலக்கம் 560. சிங்களத் தேர்ச்சி காட்டாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள ஏற்றம், அதாவது ஆண்டுதோறும் கூடும் தொகை, கிடையாது. எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரனின் ஏற்றம் 1962இல் நின்றது, வழக்கு வைத்தார்.

சுற்றறிக்கை வெறும் நிருவாக விதி. ஆனால் அதற்கு மேலே 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், அதாவது தனிச்சிங்களச் சட்டம். அதற்கும் மேலே, ஓர் இனத்துக்கு மட்டும் தடை விதிக்கப் பாராளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்ற, அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் இரண்டையும் உரசிப் பார்த்து, சட்டமே செல்லாது என்றார். மாவட்ட நீதிமன்றத்துக்கு அது எவ்வளவு துணிச்சல்!

உயர் நீதிமன்றமோ அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. முடியின் ஊழியர் சம்பளம் கேட்டு வழக்காட முடியாது என்று பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ அரசின் மேன்முறையீட்டை ஏற்றார்.

72ஆம் தொகுதி, 337ஆம் பக்கத்தில் பெயர்கள் இடம் மாறுகின்றன: 'கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர்', 1969 டிசெம்பர். டிப்ளொக் பிரபு எழுதிய தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஊழியர் வழக்காடலாம் என்றார், அவ்வளவுதான். மொழிச் சட்டம் செல்லுமா என்பதை முதலில் உயர் நீதிமன்றமே ஆராயட்டும் என்று திருப்பி அனுப்பினார். நம் பேச்சுவழக்கு மாவட்ட நீதிபதியின் தீர்ப்பை லண்டனுக்கு ஏற்றிவிட்டது.

அந்த ஆராய்வின் தீர்ப்பைத் தேடி அடுத்த தொகுதிகளைப் புரட்டினேன். இல்லை, அது ஒருபோதும் எழுதப்படவில்லை. 1971இல் லண்டனுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு காணாமற்போயிற்று; 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே யாப்புக்குள் ஏறியது.

இன்றைய 1978ஆம் ஆண்டு யாப்பின்படி, சுற்றறிக்கையை 126ஆம் உறுப்புரையின் கீழோ, 140இன் கீழ் எழுத்தாணை கேட்டோ எதிர்க்கலாம். நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றில் கேள்விக்குட்படுத்த 80(3) இடம் தராது.