சக்கிரமென்ரோ வீதி, 1906: ஒரு நிழற்படத்தின் சமூகவரலாறு

நிழற்படமொன்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது அது எதைக் காட்டுகின்றது என்பதோடு, எந்த இடத்தில் நின்று காட்டுகின்றது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். ஆர்னோல்ட் கென்த், 1906 ஏப்ரல் 18ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரின் சக்கிரமென்ரோ வீதியில் எடுத்த படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அன்று அதிகாலை 5.12 மணிக்குப் பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. செல்வந்தரைப் படமெடுத்துப் பெயர்பெற்றிருந்த கென்த், தம் கமெராக்கள் சேதமுற்றமையால் தெரிந்த கடையொன்றிற் கையடக்கக் கமெராவொன்றைப் பெற்று வீதிக்கு வந்தார். படத்திலே வீதி சரிவாகக் கீழிறங்குகின்றது. வலப்புறத்தில் ஒரு வீட்டின் முன்பக்கம் முழுவதும் இடிந்து வீதியில் வீழ்ந்து கிடக்கின்றது. மக்கள் சிலர் நின்றும், சிலர் கதிரைகளில் அமர்ந்தும், தொலைவில் எழும் புகையை நோக்குகின்றனர்.

நீர்க்குழாய்கள் உடைந்தமையால் தீயை அணைக்க இயலவில்லை. தீயைத் தடுக்கவெனக் கட்டிடங்களை வெடிவைத்துத் தகர்த்தமையும் பலவிடங்களில் அதனைப் பரப்பவே உதவிற்று. மூன்று நாள்களுக்கு மேலாக எரிந்த தீயில் ஏறத்தாழ 28,000 கட்டிடங்கள் அழிந்தன. சுமார் 400,000 மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

இவ்வழிவுக்கு என்ன பெயரிடுவது என்பது விரைவிலேயே பொருளாதாரப் பிரச்சினையாயிற்று. காப்புறுதி தீயால் நேர்ந்த இழப்புக்கே பெரும்பாலும் உரியதாயிருந்தது. பூமியதிர்ச்சி என்ற சொல்லோ முதலீட்டை அச்சுறுத்துவது. எனவே நகரின் காணி, கட்டிட வணிகர் சங்கம் நிகழ்ந்ததைப் ‘பெருந்தீ’ என்றே குறிப்பிடுவதெனத் தீர்மானித்தது. கென்தின் படமோ தீ வந்து சேருமுன் எடுக்கப்பட்டது. வீதியில் வீழ்ந்து கிடக்கும் அந்தச் சுவர், மூலதனம் மறக்க விரும்பிய உண்மைக்குச் சாட்சியாகின்றது.

ஆயினும் அப்படத்துக்கும் எல்லையுண்டு. அதே வீதி, சரிவின் கீழே சீனர் குடியிருப்பினூடாகச் செல்கின்றது; சீனர் அதனைத் ‘தாங் மக்கள் வீதி’ எனத் தம் மொழியில் வழங்கினர். படத்தில் அது புகைத்திரைக்கு அப்பாற்பட்டது. அக்குடியிருப்பும் முற்றாக எரிந்தது. சீனரை நகரின் ஓரத்திலுள்ள ஹன்ரர்ஸ் பொயின்ருக்கு அகற்ற நகரத் தலைவர்கள் முயன்றனர். சீன வணிகரும் சீன அரசும் எதிர்த்தனர்; வணிகமும் வாடகையும் கைநழுவும் என்ற அச்சமும் சேர்ந்தது; திட்டம் கைவிடப்பட்டது. நகரின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்தமையால், 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்கற் சட்டத்தினால் ஒடுக்கப்பட்டிருந்தோரிற் பலர் தாம் அந்நாட்டிற் பிறந்தவரெனக் கோர வழி பிறந்தது. அச்சட்டம் 1943 வரை நீடித்தது.

கென்த் அழிவுக்கு முன்னரே சீனர் குடியிருப்பைப் பலவாறு படமெடுத்தவர். ஆயின் அப்படங்கள் சிலவற்றில் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை அவர் அழித்துத் திருத்தியமையை ஜோன் குவோ வெய் சென் 1984இல் எடுத்துக்காட்டினார். தனித்தொதுங்கிய, புதுமை தீண்டாத கீழைத்தேயமொன்றையே அக்கண் தேடியது போலும்.

இறந்தோர் தொகையும் இவ்வாறே. அக்கால அரசாங்கக் கணக்குகள் நகரில் 500க்குக் குறைந்தோரே இறந்தனர் என்றன. சீனரும் வறியோரும் அவற்றிற் பெரிதும் இடம்பெறவில்லை. நூலகர் கிளாடிஸ் ஹான்சன், பல்லாண்டுத் தேடலின் பின், 3,000க்கு மேற்பட்டோர் இறந்தனரென மதிப்பிட்டார். நிலம் யாவரையும் ஒருங்கே உலுக்கிற்று. யாரை எண்ணுவது என்பதைச் சமூகமே தீர்மானித்தது. ஆகவே இப்படத்தை நோக்கும் நாம், கதிரைகளில் அமர்ந்திருப்போரோடு, அவர்தம் பார்வை செல்லும் திசையிலே புகைக்குள் மறைந்தோரையும் வரலாற்றிற் சேர்த்தல் வேண்டும்.