வீடும் நம்ம பேருல, கடனும் நம்ம பேருல

தமிழ்நாட்டில் மகளிர் குழு முதன்முதலாக 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. அந்த வரலாற்றை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் நம்ம தொகுப்பு வீடுகளின் வரலாற்றை எழுதுகிறேன்.

1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபோது ஆதிதிராவிடர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கு மட்டும்தான் வீடு. 1993-க்குப் பிறகு மற்ற ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். வீட்டைப் பெண் பேரிலோ, கணவன் மனைவி இருவர் பேரிலோ எழுத வேண்டும் என்றது திட்டம். இது சின்ன விஷயம் இல்லை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-லதான். அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு இல்லை. நம்ம அம்மாக்கள் நிறைய பேர் அப்படித்தான் விட்டுப்போனாங்க.

அப்புறம் 2011-ல் பசுமை வீடு, 300 சதுர அடிக்கு 1,80,000 ரூபாய். 2016-ல் பிரதமர் வீடு. 2024-ல் கனவு இல்லம், 3,50,000 ரூபாய். தொகை ஏறிக்கிட்டே வந்தது, ஆனா கொடுக்கிற முறை மாறலை. பேஸ்மட்டம் முடிச்சா ஒரு பில், லிண்டல் மட்டத்துக்கு ஒரு பில், கான்கிரீட் போட்டா ஒரு பில். முதலில் நம்ம கைக்காசைப் போடணும்.

அந்தக் கைக்காசுலதான் வித்தியாசம் தெரியுது. ஊருக்குள்ள இருக்கிறவங்க நகையைக் கூட்டுறவு சங்கத்தில் வைப்பாங்க, இல்லைன்னா அண்ணன் தம்பி கொடுப்பாங்க. எங்க தொப்பூர் பக்கம் காலனியில் எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு இருந்தது காதுத் தோடு மட்டும். வீட்டுக்காரர் இறந்துட்டார். நூறு நாள் வேலைக் கூலிதான் வருமானம். செங்கல் லோடு இறக்க வாரத் தவணையில் பைனான்ஸ் வாங்கினார். பில் வர மூணு மாசம் ஆச்சு. அதுக்குள்ள முதல் கடனை அடைக்க இரண்டாவது கடன். புது வீட்டுக்கு அரிசி வாங்கக் காசில்லை. தவணைக்காரர் வாசல்ல உட்கார்ந்து அவமானப்படுத்தினது தனிக்கதை.

இப்படிக் கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனா கடன் வாங்குற நிலைமை அப்படியேதானே இருக்கு?

பேஸ்மட்டத்துக்குக் கைக்காசு இல்லாத உறுப்பினர்களுக்குக் கூட்டமைப்பிலிருந்தே முன்கடன் தரணும், பில் வந்ததும் திருப்பிக் கட்டலாம். காலனிக்காரங்களுக்கும் துணையில்லாத பெண்களுக்கும் முதலில் தரணும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். கையெழுத்துப் போட வாங்க.