மருத்துவமனையிலிருந்து வீடு வரை

என் பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரங்கள் மருத்துவமனையில் படுத்திருந்தார். அறுவை மருத்துவம் செவ்வனே முடிந்தது. வீட்டிற்கு அழைத்துச் செல்லலாம் என்று கூறி ஒரு தாளைக் கையில் கொடுத்தனர். அத்தாளில் மருந்துகளின் பெயர்களும் அவற்றை உண்ணும் வேளைகளும் இருந்தன. ஆனால், அசைய இயலாதவரை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. யாரை அழைத்தால் உதவி கிடைக்கும் என்ற குறிப்பும் அதில் இல்லை. பத்தாம் நாள் பெரியம்மாவின் முதுகின் கீழே படுக்கைப்புண் கண்டது. மருத்துவமனையில் குறையின்றி நடந்த பணி, அதன் வாயிலோடு நின்றுவிட்டது. வீட்டில் அன்பு இருந்தது; அறிவு இல்லை. இரண்டையும் இணைப்பார் இல்லாமையால் துன்பம் நோயாளியைச் சேர்ந்தது.

இந்த இணைப்பை முதலில் எண்ணியவர் யார்? அதனை எங்ஙனம் அமைத்தனர்? நூல்களைப் புரட்டியபோது நான் கண்டவற்றை மாணவ நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர் வாழ்ந்தார். 1859-ஆம் ஆண்டில் அவருடைய மனைவி நோயுற்று மறைந்தார். இறுதி நாட்களில் அவ்வம்மையாரைக் கவனித்தவர் மேரி ராபின்சன் என்னும் செவிலி. செல்வர் வீட்டிலேயே செவிலியின் துணை இத்துணைத் தேவையாயின், ஏழை வீட்டின் நிலை என்ன என்று ராத்போன் எண்ணினார். நகரின் ஏழைகளை அவரவர் வீட்டிலேயே சென்று பேணுமாறு, மூன்று மாதங்களுக்கு அந்தச் செவிலியையே அமர்த்தினார். ஒரு மாதம் கழிந்ததும் அவர் திரும்பி வந்து, அங்குக் காணும் துயரத்தைத் தம்மால் தாங்க இயலவில்லை என்று கண்ணீர் வடித்தார். ராத்போன் ஊக்கமூட்டி மீண்டும் அனுப்பினார். மூன்று மாதங்கள் முடிந்தபோது, இப்பணியை விட்டு வர மனமில்லை என்று அச்செவிலியே கூறினார்.

ஒருவர் போதாது, பலர் வேண்டும். ஆனால், பயிற்சி பெற்ற செவிலியர் எங்கே? ராத்போன் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கு எழுதினார். லிவர்பூல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவுமாறு அவர் அறிவுரை கூறினார். 1862-ஆம் ஆண்டில் அப்பள்ளி தோன்றியது. அங்குப் பயின்றவர்களுள் சிலர் மருத்துவமனையில் பணி புரிந்தனர். சிலர் ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்றனர். நகரம் 18 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மாணவர்கள் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இல்லம் தேடிச் செல்லும் செவிலிப் பணி மருத்துவமனைக்குப் போட்டியாகத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே பள்ளியில் கற்றவர் கைகளால் வளர்ந்தன.

கடல் கடந்து நியூயார்க் நகரை நோக்குவோம். 1893-ஆம் ஆண்டில், குடியேறிய ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் லில்லியன் வால்ட் என்னும் இளஞ்செவிலி, வீட்டில் நோயாளரைப் பேணும் முறையைப் பெண்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சிறுமி ஒருத்தி வந்து தன் தாயைக் காண அழைத்தாள். பேறுகாலத்திற்குப் பின் குருதிப்போக்கால் வாடிக் கிடந்தார் அத்தாய். பொருள் கொடுக்க வழியில்லாமையால் மருத்துவர் பாதியிலேயே கைவிட்டுச் சென்றிருந்தார். அன்றே வால்ட் தம் வாழ்வின் வழியைத் துணிந்தார். தோழி மேரி புரூஸ்டருடன் அப்பகுதியிலேயே குடியேறினார். 1895-இல் ஹென்றித் தெருவில் அவர்களுக்கு ஓர் இல்லம் அமைந்தது.

நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதுமா? அறியாத ஒருவரை நம்பி மருத்துவர் தம் நோயாளியை ஒப்படைப்பாரா? வால்ட் இதனை நன்கு உணர்ந்திருந்தார். நகரச் சுகாதாரக் கழகத்தின் ஆதரவில் பணிபுரியும் செவிலி என்னும் அடையாள வில்லையைப் பெற்று அணிந்துகொண்டார். நோயாளி நேரே அழைத்தாலும் செல்வார். மருத்துவர் அனுப்பினாலும் செல்வார். அழைப்பு எங்கிருந்து வந்தாலும் பணி ஒன்றே. அவர் தொடங்கிய செவிலிப் பணி 1944-இல் நியூயார்க் வருகைச் செவிலியர் பணி நிலையம் என்னும் தனி நிறுவனமாயிற்று.

1947-ஆம் ஆண்டில் அதே நகரின் பிராங்ஸ் பகுதியில் மான்டிஃபியோர் மருத்துவமனை ஒரு புதுமை செய்தது. அது நாட்பட்ட நோயாளருக்கென 1884-இல் தோன்றிய நிலையம். அதன் தலைவர் புளூஸ்டோன், மருத்துவமனையின் சுவருக்கு வெளியேயும் மருத்துவமனையை நீட்டலாம் என்றார். மருத்துவர், செவிலி, சமூகப் பணியாளர் மூவரும் ஒரு குழுவாயினர். நோயாளியை வீட்டிற்கு அனுப்பும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டனர்: இந்நோயை வீட்டில் வைத்துப் பார்க்க இயலுமா? இவ்வீடு அவரை ஏற்கும் நிலையில் உள்ளதா? இரண்டிற்கும் ஆம் என்றால்தான் அனுப்பினர். தேவை நேரின் மீண்டும் மருத்துவமனையில் இடம் உண்டு என்ற உறுதியும் அளித்தனர். ஆதலின் வீடு திரும்புவோர் தாம் கைவிடப்பட்டதாகக் கருத இடமில்லை.

பின்னர்ப் பணம் இவ்வுறவில் நுழைந்தது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிக்கேர் திட்டச் சட்டம் 1965-இல் கையொப்பமாயிற்று; 1966 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறைந்தது மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்தவருக்கு, மருத்துவர் வகுத்த திட்டப்படி, வீட்டுச் செவிலிப் பணிக்கும் அதன் மருத்துவமனைக் காப்பீடு பணம் தந்தது. இல்லப் பராமரிப்பு நிலையங்கள் பெருகின. 1983-இல் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. தங்கும் நாட்களைக் கணக்கிடாது, நோயின் வகைக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குத் தொகை வரையறுக்கப்பட்டது. அதனால் நோயாளர் முன்னிலும் விரைவாக வீடு திரும்பலாயினர்.

நோயாளரை அனுப்பும் கை எதுவோ, அக்கைக்கு விலை பேச ஆசை பிறப்பது இயல்பு. இத்தகைய திட்டங்களில் நோயாளரை அனுப்பக் கையூட்டுக் கொடுப்பதையும் பெறுவதையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1977-இல் அது பெருங்குற்றமாயிற்று. வீட்டுப் பணி நிலையங்களின் பட்டியலை நோயாளரிடம் தர வேண்டும் என்றும், அவற்றுள் ஏதேனும் ஒன்றில் மருத்துவமனைக்குப் பொருள் தொடர்பு இருப்பின் அதனை மறைக்கலாகாது என்றும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளியுடையது என்பதே இவற்றின் கருத்து.

எனில், நேர்மையான ஒரு நிலையம் மருத்துவரின் நம்பிக்கையை எங்ஙனம் பெறுவது? என் பெரியம்மாவின் கதையின் எஞ்சிய பகுதியே இதற்கு விடை. அண்டை வீட்டார் ஓய்வு பெற்ற செவிலி ஒருவரை அழைத்து வந்தனர். அவர் நாள்தோறும் புண்ணைத் தூய்மை செய்தார். புரட்டிப் படுக்க வைக்கும் முறையை எங்களுக்குக் கற்பித்தார். வாரந்தோறும் அரைத் தாளில் புண்ணின் அளவு, காய்ச்சல், உணவு ஆகியவற்றைக் குறித்து, மருத்துவரிடம் சேர்க்குமாறு என்னிடம் கொடுத்தார். அவர் கேளாமலே எழுதிய குறிப்பு அது. மூன்றாம் வாரத்துத் தாளை மருத்துவர் இருமுறை படித்தார். புண் ஆறிவருவதை அறிந்து தலையசைத்தார். பிறகு, "இந்த அம்மையாரின் முகவரி என்ன?" என்று கேட்டுத் தம் மேசை ஏட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் வேறொரு வீட்டிலிருந்து அச்செவிலிக்கு அழைப்பு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவர். மருத்துவரே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் படுக்கைப்புண் தோன்றவில்லை.